புண்பட்டவர் முதலில் படித்தாரா?

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வெளிவந்தது 2010இல். நாலு வருடம் அதனால் யாருடைய மத உணர்வும் புண்படவில்லை. 2014 டிசம்பரில் திடீரென்று புண்பட்டது. நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊருக்குள் விநியோகித்தார்கள், பிரதியை எரித்தார்கள், கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்று கூப்பிட்டு உட்காரவைத்து, நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தார். அந்தக் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது, பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை ஆனது.

மத உணர்வு புண்பட்டது என்று ஒரு செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். எழுதியது எப்போது, கோபம் வந்தது எப்போது? நடுவில் வருடக்கணக்கில் இடைவெளி இருந்தால், கோபத்தை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாமி கும்பிடுகிற சாதாரண மனிதர் பிடிக்காததைப் பார்த்தால் முகம் சுளித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். காவல் நிலையத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் வேறு ஆள்.

இந்தப் புகார்களுக்கு வழிவிடும், மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு வெள்ளைக்காரன் காலத்தில், 1927இல் வந்தது. நபிகள் நாயகத்தை இழிவுபடுத்திய ஒரு சிறுநூலை வெளியிட்டவரை லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்ததும் எழுந்த கொந்தளிப்பை அடக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பதிப்பாளரை 1929இல் கொன்றேவிட்டார்கள், அது வேறு. இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே பிரிவு 299 என்ற எண்ணோடு இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, நீதிமன்றம் மனது வைத்தால்தான் ஜாமீன் கிடைக்கும் குற்றம்.

வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்த அவமதிப்பு மட்டும்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது. சரி, அப்புறம் என்ன நடந்தது? தோனியை விஷ்ணுவாக வரைந்து, கைகளில் விளம்பரப் பொருள்களைக் கொடுத்து 2013இல் ஒரு வணிக இதழ் அட்டைப்படம் போட்டது. அந்தப் பொருள்களில் ஒரு ஷூவும் இருந்தது. படத்தை வரைந்தவர் தோனி இல்லை. ஆனாலும் ஆந்திராவின் அனந்தப்பூர் நீதிமன்றத்திலிருந்து அவருக்குப் பிடிவாரண்ட் போனது. உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது 2017இல். தோனிக்குப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். ஒரு மீம் போட்ட கல்லூரிப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? கடைசியில் விடுதலை ஆனாலும், வாய்தா வாய்தாவாக அலைந்ததே அவனுக்குத் தண்டனைதான்.

இதையெல்லாம் சொல்வதால் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று கட்சி கட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் தொழுகையையோ ஜெபத்தையோ நக்கலடித்துவிட்டு, 'பகுத்தறிவு' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதில் என்ன வீரம்? ஒரு மதத்தின் கொள்கையை, புராணத்தை, மடாதிபதியைக் கிழித்துப் பேசுவது வேறு. அந்த மதத்துக்காரனுக்கு வீடு தராதே, அவன் கடையில் வாங்காதே என்பது வேறு. இரண்டாவது, மனிதர்கள் மேல் கைவைப்பது. அதற்குத் தனிச் சட்டப்பிரிவு ஏற்கெனவே இருக்கிறது, அது இருக்கட்டும். முதலாவதைப் பொறுத்தவரை, பதிலுக்கு எழுதுங்கள், திட்டுங்கள், புறக்கணியுங்கள். போலீஸை அனுப்பாதீர்கள்.

299ஐ எடுத்துவிடவேண்டும் என்பதுதான் என் கருத்து. எந்தக் கட்சியும் அதைச் செய்யாது என்பதும் தெரியும். ஆளுக்கொரு சமயத்தில் எல்லோருக்கும் அது தேவைப்படுகிறது. குறைந்தபட்சம் ஒன்று நடக்கலாம். இந்த வழக்குகளை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எஃப்ஐஆர் போடவும் கைது செய்யவும் அந்த அனுமதி தேவையில்லை. ஓட்டை அங்கேதான். பேச்சு, எழுத்து தொடர்பான இம்மாதிரிப் புகார்களில் எஃப்ஐஆருக்கு முன்பே முதற்கட்ட விசாரணை நடத்துவதுதான் பொருத்தம் என்று 2025 மார்ச்சில் காங்கிரஸ் எம்.பி.யும் கவிஞருமான இம்ரான் பிரதாப்கரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு கவிதைக்காகப் போட்ட வழக்கு அது. அதன்படி, புகாரை வாங்கும் அதிகாரி முதலில் அந்தப் பக்கத்தை, முன்னும் பின்னும் சேர்த்து, முழுதாகப் படிக்கட்டும். புகார் கொடுத்தவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.