ஏசி ஹாலில் சாப்பிட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டியா?

"ஏசி ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டால் 18% ஜிஎஸ்டி, வெளியே உட்கார்ந்தால் 12%, பில்லைப் பார்த்து ஏமாறாதீர்கள்" என்று ஒரு ஃபார்வர்டு குடும்பக் குரூப்புகளில் மறுபடியும் சுற்றுகிறது. இது ஒரு காலத்தில் ஓரளவு உண்மைதான், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி உள்ள உணவகத்துக்கு 18, ஏசி இல்லாத உணவகத்துக்கு 12 சதவீதம் என்று இருந்தது, ஆனால் அந்த வருடம் நவம்பர் 15-லேயே மாற்றிவிட்டார்கள். இப்போது சாதாரண உணவகத்தில் ஏசி இருந்தாலும் மின்விசிறி மட்டும் சுற்றினாலும், பார்சல் வாங்கினாலும் 5 சதவீதம்தான். பில்லின் அடியில் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 2.5 என்று இரண்டு வரியாக இருக்கும், பாருங்கள். ஏசி ஹாலில் அதே தோசைக்குக் கூடுதல் விலை போட்டிருந்தால் அது கடைக்காரர் வைத்த விலை, வரி அல்ல.

18 சதவீதம் வருவது பெரும்பாலும் பெரிய ஹோட்டல்களில்: அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம். அங்கே 1,500 ரூபாய் பஃபேக்கு 270 ரூபாய் வரி வரும், அது சரியான கணக்குதான்.

அப்புறம் அதே மெசேஜில் "சர்வீஸ் சார்ஜும் அரசு வரி, கட்டியே ஆக வேண்டும்" என்று ஒரு வரி. அதுவும் தவறு. அந்தப் பணம் உணவகத்துக்குப் போவது, கட்டாயமாக வாங்கக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச் 28-ல் சொல்லிவிட்டது. பில்லிலிருந்து அதை எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். வரி விகிதத்தை மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

உங்களுக்கும் அந்த மெசேஜ் வந்திருந்தால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.