பழ விடுகதைக்கு இவ்வளவு சிரிப்பா?

பிள்ளைகள் வாசிக்க நான் கொடுத்த பழ விடுகதைத் தாளைப் படம் பிடித்து, பெற்றோர் குழுவில் ஒருவர் கேலியாகப் போட்டிருக்கிறார். அந்த ஸ்க்ரீன்ஷாட்டை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள், போதும். “வாசிக்கக் கற்றுத்தரச் சொன்னால் பழம் கண்டுபிடிக்க விட்டிருக்கிறார்கள்.” கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பெற்றோர் குழுவில் பதில் சொன்னால் சண்டைக்காரி என்பீர்கள். அதனால் இங்கேயே சொல்கிறேன்: அது விளையாட்டு இல்லை, வாசிப்பு.

தாளில் இருந்தது இவ்வளவுதான்:

“எனக்குப் பச்சைத் தோல்.
உள்ளே சிவப்புச் சதை.
விதைகள் கறுப்பு.
தரையில் படரும் கொடியில் காய்ப்பேன்.”

இரண்டாவது வரியிலேயே “கொய்யா!” என்று கத்துகிற பிள்ளை உண்டு. மூன்றாவது வரியில் கொய்யா அடிபடும். பப்பாளியா? கொடி என்றதும் அதுவும் போச்சு. நினைத்ததை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த வரியோடு பொருத்திப் பார்த்து, பொருந்தாவிட்டால் விட்டுவிட்டு, மறுபடி மேலே போய் வாசித்தால்தான் தர்பூசணி கிடைக்கும். இது வாசிப்பு இல்லையென்றால் வேறு எது வாசிப்பு?

என் அக்கா மகன் பாடத்தைப் படபடவென்று ஒப்பிப்பான். “என்னடா வாசிச்சே?” என்றால் கூரையைப் பார்ப்பான். பக்கத்தில் படம் இருந்தால் அதைப் பார்த்தே சமாளித்துவிடுவான். விடுகதையில் படம் இல்லை, மாட்டிக்கொண்டான். ‘கொடியில்’ என்பதைக் ‘கோடியில்’ என்று வாசித்துவிட்டு, “கோடியில எப்படி சித்தி காய்க்கும்?” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அவனே விரலை வைத்து, அது ஒற்றைக் கொம்பு என்று பார்த்து, “கொடி!” என்று குதித்தான். எந்தச் சிவப்பு மையும் அவனை இப்படித் திருத்தியதில்லை.

“முதலில் 247 எழுத்தும் வரட்டும், அப்புறம் விடுகதை” என்பார்கள். எழுத்து வேண்டாம் என்று யார் சொன்னது? காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-லேயே வாசித்துப் புரிந்துகொள்வதைப் பெருக்கல் கணக்காக எழுதிவிட்டார்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்கும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். நம் பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் ஊட்டிவிட்டு, புரியவில்லை என்று குட்டுகிறோம்.

பார்க்காத பழம் வந்தால்? நியாயமான கேள்விதான். பார்த்த பழத்தில் தொடங்குங்கள், முடிந்தது. விடையை மனப்பாடம் செய்துவிட்டால்? பிள்ளையையே ஒரு விடுகதை எழுதச் சொல்லுங்கள். மாதுளைக்கு “சிவப்பாக இருக்கும், இனிக்கும்” என்று எழுதினால் பாதிப் பழங்கள் வந்து நிற்கும். அப்போது பாருங்கள், அது எப்படிச் சொல் தேடுகிறதென்று. இதெல்லாம் புது ஃபேஷன் என்ற மேதைக்கு: ‘பிசி’ என்ற பெயரில் விடுகதைக்குத் தொல்காப்பியமே இலக்கணம் சொல்கிறது ஐயா.

உண்மையில் வலித்தது வேறு. சிரித்தவர்களில் சிலர், “உங்களால்தான் என் பிள்ளை புத்தகத்தைத் தொடுகிறது” என்று எனக்குத் தனியாக எழுதியவர்கள். நன்றி உள்பெட்டியில், சிரிப்பு மட்டும் சபையில். சரி. தாளின் பின்பக்கத்தில் “எந்த வரியில் கண்டுபிடித்தாய்? எந்தச் சொல் காட்டிக்கொடுத்தது?” என்று கேட்டிருந்தேன். படம் பிடித்தவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கு வரியைத் தாண்டி வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் எனக்கு வாசிப்பு வகுப்பெடுக்கிறார்கள்!

அடுத்த தாள் முந்திரிப்பழம். வேண்டாதவர்கள் சொல்லிவிடுங்கள், உங்கள் பிள்ளைக்குத் தரவில்லை. அப்புறம் பக்கத்துப் பிள்ளையிடம் வாங்கி வாசித்துவிட்டது என்று என்னிடம் வந்து நிற்கக் கூடாது.