எங்கள் கண்மாய்க்கு வந்த சாம்பல் தலை ஆள்காட்டி

அபூர்வமான பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் எங்காவது மலைக்கோ காட்டுக்கோ போகணும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் வழிகாட்டி கை காட்டிய புதருக்குள் தவளைவாயனைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஜனவரியில், மதுரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு சாம்பல் தலை ஆள்காட்டியைப் பார்த்தபோது வந்த படபடப்பு வேறு மாதிரி. பைனாகுலரை நிலையாகப் பிடிக்க முடியவில்லை.

மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டிருந்ததால் உள்வாயில் சேறு தெரிய ஆரம்பித்திருந்தது. அங்கே வழக்கம்போலச் சிவப்பு மூக்கு ஆள்காட்டிகள் நின்றன. அவற்றோடு நின்ற ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. முகத்தில் அந்தச் சிவப்புத் தோல் இல்லை. தலையும் கழுத்தும் ஒரே சாம்பல் நிறம், மார்பின் அடியில் கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே பளிச்சென்று வெள்ளை வயிறு. அலகு மஞ்சள், நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. எருமை ஒன்று குறுக்கே வர, எழுந்து பறந்தது. இறக்கையின் பெரும்பகுதி வெள்ளை, முனைகள் கறுப்பு. அப்புறம் சந்தேகமே இல்லை.

வடகிழக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற பறவை இது. குளிர்காலத்தில் பெரும்பாலும் வங்கதேசம், நம் நாட்டின் வடகிழக்கு, தென்கிழக்கு ஆசியா என்று தங்கிவிடும். தெற்கே நம் பக்கம் எப்போதாவது ஒன்றிரண்டுதான் வரும். ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவரிடம் பைனாகுலரைக் கொடுத்துக் காட்டினேன். "இத்தினிக்கூண்டு உசுரு அம்புட்டுத் தூரம் தாண்டி நம்ம கம்மாய்க்கா வந்திருக்கு!" என்றவர், ஆடுகளை அந்தப் பக்கம் விடாமல் கரையோடு ஓட்டிக்கொண்டு போனார்.

புதிதாக வந்த ஒரு பறவை கண்ணில் பட வேண்டுமென்றால், தினமும் இருப்பவை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்த மரத்தில் பாம்புத்தாரா இறக்கை உலர்த்தும், எந்த மாதம் உள்ளான்கள் வரும், மஞ்சள் மூக்கு ஆள்காட்டி எந்தப் பொட்டலில் முட்டையிடும் என்று தெரிந்தவருக்குத்தான் வேற்றாள் ஒன்று நின்றால் உறுத்தும். அதனால்தான் "இன்னைக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் சாதாரணப் பறவைதான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சாதாரணப் பறவைகளின் பட்டியல்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 942 இனங்களை மதிப்பிட்ட அந்த அறிக்கைக்கு ஆதாரம், சுமார் 30,000 பேர் இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் போட்ட 3 கோடிப் பதிவுகள். நாம் கரண்ட் கம்பியில் பார்த்துப் பழகிய பனங்காடை வேகமாகக் குறைந்து வருகிறது என்பது அதில்தான் தெரியவந்தது. காரணம், பலர் சலிக்காமல் அதையும் எண்ணி எழுதியிருந்தார்கள். எண்ணாமல் விட்டிருந்தால் பனங்காடை ஒருநாள் அபூர்வப் பறவையாகிவிடும், எப்போது ஆனது என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது. கண்மாய்க்கும் இது பொருந்தும். குப்பை கொட்டவோ ஓரத்தை மண்ணடித்து மூடவோ யாராவது வரும்போது, இங்கே எந்தெந்தப் பறவைகள் எந்தெந்த மாதத்தில் இருந்தன என்று சொல்ல ஒரு பதிவு கையில் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆள்காட்டியின் படம் பரவிய பிறகு சிலர் கேமராவோடு சேற்றுக்குள் இறங்கினார்கள். பறக்கிற படம் வேண்டுமாம், அதற்காக ஒருவர் கல்லெடுத்து எறிந்தார். இதை மன்னிக்கவே முடியாது. அத்தனை தூரம் பறந்து வந்த பறவைக்கு இரை தேடவும் ஓய்வெடுக்கவும்தான் நேரம் வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதன் உடம்பில் இருக்கிற கொழுப்பைக் கரைக்கிறோம். திரும்பிப் போகவும் அதுதான் அதற்குக் கைமுதல். கரை மேல் நின்றாலே நன்றாகத் தெரியும். தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் ஊர் ஏரி, குளம், கண்மாய் எதுவானாலும் 15 நிமிடம் நின்று எண்ணி இ-பேர்டில் போடுங்கள். பெயர் தெரியாததை விட்டுவிடலாம், தப்பில்லை. காக்காய், மைனா, கொக்கு என்று தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள்.