இரவல் நகையா அது?

ரெண்டு நாளா எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். முடியல.

ஞாயித்துக்கிழமை நம்ம கடலூர் மஞ்சக்குப்பம் கதை வாசிப்புக் கூட்டத்துல நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும். கதை வாசிக்க வந்த காலேஜ் பொண்ண மூணாவது பக்கத்துலயே நிறுத்தி, "இரவல் நகை போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வராதம்மா, சொந்தமா இருந்தா கொண்டா"ன்னார் மேடையில இருந்த பெரியவர். கூட்டம் சிரிச்சுது. நானும் அங்கதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை கேட்கல. அதுதான் ரெண்டு ராத்திரியா தூங்க விடல.

அவ எழுதியிருந்தது 'பொன்னியின் செல்வன்' ஊமை ராணியைப் பத்தி. கல்கி மந்தாகினிக்குப் பேச்சு கொடுக்கல, சித்திரம் வரைஞ்சுதான் தன் கதையச் சொல்லுவா. இந்தப் பொண்ணும் கதை முழுக்க ஒரு வசனம் வைக்கல. அத்தை மந்தாகினி, மருமக பூங்குழலிக்குத் தலை பின்னி விடுறா. பின்னல எவ்வளவு இறுக்குறாங்கறதுலயே அது கோபமா, பாசமா, பயமான்னு தெரியுது. அந்த இடத்துலதான் நிறுத்தினாங்க. இதுவா இரவல்?

ஏற்கெனவே இருக்கற பாத்திரத்த எடுத்து மேல எழுதுறதும் எழுத்துதான். ஃபேன் ஃபிக்‌ஷன்னு சொல்றது இதத்தான். நம்ம திருப்பாதிரிப்புலியூர்ல 1906ல பிறந்த புதுமைப்பித்தன் அகலிகைய எடுத்து 'சாபவிமோசனம்' எழுதினார். ராமாயணப் பரிச்சயம் உள்ளவங்களுக்குப் பிடிக்காம கூடப் போகலாம், அதைப் பொருட்படுத்தலன்னு முன்னாடியே சொல்லிட்டு எழுதினார். பக்கத்துப் புதுச்சேரியில இருந்துக்கிட்டு பாரதி எழுதின 'பாஞ்சாலி சபத'த்தோட முதல் பாகம் 1912ல வந்துது. பாஞ்சாலி பாரதி பெத்த பிள்ளையா? நம்ம ஊர் திரௌபதி அம்மன் கோயில் கூத்துல வர்ற கோமாளி கட்டியங்காரன் வியாசர்கிட்ட உண்டா? கர்ணனோட சண்ட போடுற அவன் பொண்டாட்டி பொன்னுருவி உண்டா? கல்கிக்கு அப்புறம் விக்கிரமன் அதே சோழர் கதையத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதலையா? இவங்களுக்கெல்லாம் மாலை. இவளுக்கு மட்டும் இரவல்.

"அவங்களும் இவளும் ஒண்ணா?"ன்னு வருவீங்க. ஒண்ணுன்னு நான் சொல்லல. செஞ்ச வேலை ஒண்ணு.

கல்கி பாத்திரத்த எடுத்தா காப்புரிமைப் பிரச்சினை வரும்னு ஒருத்தர் எழுதியிருந்தார். கல்கி 1954ல மறைஞ்சார், அவர் எழுத்து நாட்டுடைமையாயிடுச்சு, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். அவ்வளவுதான்.

ஃபேன் ஃபிக்‌ஷன்னாலே நடிகர்கள வெச்சு அசிங்கமா எழுதுறதுதானேன்னு இன்னொருத்தர். அப்படியும் எழுதுறாங்க, உயிரோட இருக்கற மனுஷங்கள வெச்சு எழுதுறது எனக்கும் பிடிக்கல. அதுக்கு இவ என்ன பண்ணுவா? ரசிகர்கள் எழுதுற கதைகளுக்காகவே நடக்கற 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்துக்கு 2019ல அறிவியல் புனைகதை உலகத்தோட பெரிய விருதான ஹ்யூகோவே கொடுத்தாங்க. வெளிநாட்டுக்காரன் சொன்னாத்தான் ஏத்துக்குவீங்கன்னா அதையும் வெச்சுக்குங்க.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னு சொல்லிடறேன். எங்கம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள வாராவாரம் கிழிச்சுச் சேர்த்து பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க. 2011 டிசம்பர் 30, தானே புயல். ஓடு பறந்து அலமாரியெல்லாம் தண்ணி. அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச தொடரோட கடைசி அத்தியாயங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிச்சா கூழா வருது. கூரை போனப்ப அழாத மனுஷி அந்தப் புத்தகத்த மடியில வெச்சுக்கிட்டு அழுதாங்க. கரண்ட் இல்லாத அந்த நாட்கள்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல அந்த அத்தியாயங்கள நான் எழுதினேன். ஞாபகம் இருந்தது பாதி, நானா எழுதினது பாதி. கோணி ஊசியால அந்தப் புத்தகத்தோடயே தெச்சேன்.

அம்மா படிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "இந்த எடத்துல அவ அழமாட்டாளேடி."

அந்த ஒரு வரிய மாத்தி எழுத எனக்கு மூணு நாள் ஆச்சு. சொந்தமா எழுத வராதவங்கதான் இதுக்கு வருவாங்கன்னு சொல்றவங்க அந்த மூணு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். புதுசா ஒருத்தியப் படைச்சா அவ எங்க அழுவான்னு நீங்க சொல்றதுதான். ஊருக்கே தெரிஞ்சவளத் தொட்டா, தப்பா எழுதினா அம்மாவே பிடிச்சிடுவாங்க.

அம்மா இப்ப இல்ல. புத்தகம் இருக்கு. ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணு முகத்தப் பார்த்தப்ப, அம்மா மட்டும் அன்னிக்கு சிரிச்சிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னுதான் தோணுச்சு.

கூட்டம் நடத்தினவங்களுக்கு ஒண்ணு. அவ மேடையிலயே பேப்பர விட்டுட்டு இறங்கிப் போயிட்டா. நீலப் பேனாவுல எழுதினது, மூலையில நூல் கட்டியிருந்துது. யார்கிட்ட இருக்கோ தெரியல, இந்த வாரத்துக்குள்ள அவ கையில சேர்த்துடுங்க.