காசநோய்க்கு மாத்திரை இலவசம், பருப்பு?

ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகள் கரையேறிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்தச் சமயத்தில் தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ ஒரு படகுக்கூலிக்குக் காசநோய் என்று தெரிந்தால், ஆறு மாத மாத்திரையும் இலவசமாகவே கிடைக்கும். வீட்டில் ரேஷன் அரிசி இருக்கும். பருப்பும் எண்ணெயும் முட்டையும் போதிய அளவு இருக்காது. அதைப் பற்றிக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை.

ஜார்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நாமோ நோயாளிக்கு மட்டும் மாதம் 1,000 ரூபாய் போடுகிறோம் (2024 நவம்பருக்கு முன் 500தான்). ஆதார் இணைக்காத கணக்கென்றால் அதுவும் நின்றுவிடும். பணம் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே வீட்டில் எத்தனை தலையோ அத்தனைக்கும் பருப்பும் எண்ணெயும் ரேஷன் கடையிலேயே கொடுங்கள்.

எடை பார்ப்பதைச் சடங்காக்காதீர்கள். பல காசநோய் மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரையை ஒரு நாளைக்கு எத்தனை போடுவது என்பதே எடையை வைத்துத்தான்: 35–49 கிலோவுக்கு 3, 50–64-க்கு 4. யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாதவர், நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குபவர், ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போனவர், இவர்களைக் கையில் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது, படுக்கையில் சேர்க்க வேண்டும். தமிழகத்தில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் சாரமே இதுதான்.

கடற்கரைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கெட ஆரம்பித்த மீனில் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை தரும் பொருள் சேரும். கூட்டு மாத்திரையில் உள்ள ஐசோனியசிட் என்ற மருந்து, உடம்பு அதைச் சிதைக்க விடாது. ஐஸ் படாமல் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி, சாளை சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். "மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்திவிடத் தோன்றும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. இந்த மீன்களின் கருவாட்டிலும் இருக்கலாம். மருந்து முடியும்வரை இவற்றைத் தள்ளிவைத்து, அன்று பிடித்த காரல், சங்கரா, முட்டை என்று பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை கொடுக்கிறவர் இதை முதல் நாளே சொல்ல வேண்டாமா? மூத்திரம் ஆரஞ்சாகப் போவதையும் சேர்த்தே சொல்லுங்கள், அது கூட்டு மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம்தான்.

காசநோய் உறுதியானால் நோயாளியின் சம்மதத்தோடு எச்ஐவி பரிசோதனையும் செய்ய வேண்டும். எச்ஐவி இருப்பவர் போடும் டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தின் அளவை ரிஃபாம்பிசின் ரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை போட வேண்டும். தங்குகடல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போகிறவர் தண்ணீர் படாத டப்பாவில் நாள் கணக்குக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே மாத்திரை எடுத்துப் போகட்டும்.

பிள்ளைகள் விஷயம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறை. சத்துமாவு பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பும் முன் "வீட்ல யாருக்காச்சும் ரெண்டு வாரமா இருமல் இருக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சளி துப்பத் தெரியாது, இருமாமலே மெலியும். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்து, பிள்ளைக்கு நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து உண்டு.

கொச்சி, மங்களூர் பக்கம் படகுக்குப் போகிறவர்கள் நிக்ஷய் எண்ணை (அரசின் காசநோய்ப் பதிவில் உங்களுக்குத் தரும் எண்) குறித்து வைத்துக்கொண்டு போங்கள். மீதி மாத்திரையை அங்குள்ள அரசு மருத்துவமனையில் வாங்கலாம். சந்தேகம் இருந்தால் காசநோய் உதவி எண் 1800-11-6666, கட்டணம் இல்லை.