நம்பச் சொல்லவில்லை, எழுதி வாங்கச் சொல்கிறேன்

நேற்றைய என் பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். அணு ஆயுத விஷயத்தில் பாகிஸ்தானோடு போட்ட ஒப்பந்தங்களைக் கிழித்துப்போடக் கூடாது என்று ஒரு வரி எழுதினேன். உடனே எனக்கு லாகூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஜன்னல் ஓர இருக்கையா என்று கேட்காததுதான் பாக்கி.

மறுபடியும் சொல்கிறேன். நான் பாகிஸ்தானை நம்பவில்லை. யாரையும் நம்பச் சொல்லவும் இல்லை. நம்பாதவனிடம்தான் ஐயா எழுதி வாங்க வேண்டும்!

எங்கள் பங்காளி வீட்டோடு வரப்புத் தகராறு 11 வருடம் ஓடியது. "என் வார்த்தைமேல் நம்பிக்கை இல்லையா சித்தப்பா?" என்பார் பெரியப்பா மகன். "இல்லை" என்பார் அப்பா. சர்வேயர் புலப்படத்தை விரித்து, அளந்து, கல் நட்ட பிறகும் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் கல் நகரவில்லை. வாரம் ஒருமுறை அப்பா போய் அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று போட்ட ஒப்பந்தமும் அப்படி நட்ட கல்தான். 1992 முதல் ஜனவரி 1 தோறும் இரு நாடுகளும் நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கில் போர் முடிந்த கையோடும் மாற்றினார்கள். புல்வாமாவுக்குப் பிறகும் மாற்றினார்கள். பட்டியலில் எல்லாவற்றையும் எழுதுவார்களா என்று ஒருவர் கேட்கிறார். சரி, பட்டியலே இல்லாவிட்டால் மட்டும் எல்லாம் தெரிந்துவிடுமா?

"லாகூர் பிரகடனம் என்ன ஆயிற்று?" இது நியாயமான கேள்வி. அணு ஆபத்தைக் குறைப்போம், தகராறுகளைப் பேசித் தீர்ப்போம் என்று 1999 பிப்ரவரியில் இரு நாடுகளும் போட்ட கையெழுத்து அது. மே மாதம் பார்த்தால் கார்கில் முகடுகளில் அவர்கள் ஆட்கள். எனக்கும் வயிறு எரிந்தது. அணு ரகசியங்களை வெளிநாடுகளுக்குக் கொடுத்ததாகப் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கான் 2004இல் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டதையும் மறக்கவில்லை. அதனால்தான் வெறும் வாய்ச்சொல் வேண்டாம் என்கிறேன்.

2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகப் பாய்ந்து அவர்களுடைய மியான் சன்னு அருகே விழுந்ததே, நினைவிருக்கிறதா? தவறுதல் என்று நாம் வாய் திறக்க இரண்டு நாள் ஆயிற்று. அன்று யார் யாரை நம்ப வேண்டியிருந்தது? ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே தெரிவிக்க 2005இல் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஆனால் அது மேலே போய் வளைந்து விழும் பாலிஸ்டிக் ரகத்துக்கு மட்டும்; விமானம்போல் பறந்து போகும் குரூஸ் ரகமான பிரம்மோஸ் அதில் வராது. இன்னும் ஒரு காகிதம் வேண்டும் என்று நான் கேட்கிறேன், நீங்கள் இருப்பதையும் கிழிக்கச் சொல்கிறீர்கள்.

என்னைத் தேசத்துரோகி என்று எழுதியவர்களில் ஒருவர் என் கல்யாணப் பந்தியில் இலை போட்டவர். 25 வருடப் பழக்கம். காலையில் போன் செய்து, "நான் அப்படி எழுதவே இல்லையே" என்றார். பின்னூட்டத்தை நீக்கியிருக்கிறார்.

ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.