அந்தக் கையெழுத்து யாருடையது?
அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் 1835இல் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டு 50 லட்சம் டாலருக்குத் தங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. செரோக்கித் தலைநகரான நியூ எச்சோட்டாவில் அதில் கையெழுத்திட்டது ஒரு சிறு குழு. தலைவர் ஜான் ராஸ் அதில் இல்லை. செரோக்கி அரசு அந்தக் குழுவுக்கு எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை. அப்படியும் 1836இல் அமெரிக்க செனட், தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை ஒரே வாக்கில் எட்டிப்பிடித்து அதை ஏற்றது. 15,000 பேருக்கு மேல் பெயர் எழுதி அனுப்பிய எதிர்ப்பு மனுவை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த 1835ஆம் ஆண்டிலேயே ராஸ் வாஷிங்டனிலிருந்து திரும்பியபோது அவர் வீட்டில் வேறொருவர் குடியிருந்தார். செரோக்கி நிலத்தை ஜார்ஜியா மாநிலம் துண்டு போட்டுக் குலுக்கலில் வழங்கியிருந்தது. அவருடைய வீடும் அதில் யாருக்கோ விழுந்திருந்தது! இதற்குப் பெயர் விற்பனையா? மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்கிறார். அதுவும் நடந்தது. பாதிரியார் வூஸ்டர் தொடுத்த வழக்கில், செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. விட்டுக்கொடுத்தது போக மீதி நிலம் உங்களுக்கே என்று செரோக்கி மக்களுக்கு 1791 ஹோல்ஸ்டன் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்ததும் இதே அமெரிக்க அரசுதான். 1838இல் அந்த அரசின் படைவீரர்கள்தான் அவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி முகாம்களில் அடைத்தார்கள்.